மடியில் பிளாஸ்க் வைத்திருந்தவள்

என் சித்திக்கு ஜவ்வாது மலையில் நர்ஸ் வேலை கிடைத்தபோது எங்கள் வீட்டில் மூன்று நாள் உட்கார்ந்து பேசினார்கள். அம்மாவின் தங்கை அவள். இருபத்துமூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, வாய் கொஞ்சம் நீளம். படவேட்டுப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டுப் பெண் மலைமேல் தனியாகக் குடியிருப்பதா என்று பெரியப்பா கேட்டார். கிடைத்ததோ சர்க்கார் வேலை, விடவும் யாருக்கும் மனசில்லை. கடைசியில், கோடை லீவு முடிகிறவரைக்குமாவது துணைக்கு ஓர் ஆளை அனுப்புவது என்று முடிவாயிற்று. அந்த ஆள் நான். எனக்கு ஒன்பது வயது. கரப்பான்பூச்சி பறந்தால் முதலில் அலறுகிறவள் நான் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் துணை என்று ஒன்றை அனுப்பியாயிற்று என்றால் ஊர் வாயை மூடிவிடலாம் இல்லையா?

என்னோடு இன்னொரு துணையும் வந்தது. மாமா வாங்கிக் கொடுத்த பச்சை நிற லேடீஸ் சைக்கிள். பஸ் கூரைமேல் அதை ஏற்றிக் கட்டும்போதே கண்டக்டர் சிரித்தார். "மலைக்கு சைக்கிள் எடுத்துக்கினு போறியாம்மா? நீ அத்த ஓட்ட மாட்ட, அதான் உன்ன ஓட்டும்" என்றார். சித்தி அவரை ஒரு முறை முறைத்தாள். ஆனால் அவர் சொன்னது பாதி உண்மை என்பது ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

மலை ஏறி முடித்துவிட்டால் மேலே சமமாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கே? ஒரு மேடு, ஒரு பள்ளம், பள்ளத்தில் ஓர் ஏரி, ஏரிக்கரையில் பத்துப் பதினைந்து வீடுகள், சாமைக் கொல்லை, மறுபடியும் ஒரு மேடு. அப்படியே போய்க்கொண்டிருக்கும். ஏற்றத்தில் நாங்கள் சைக்கிளைத் தள்ளினோம். இறக்கத்தில் சைக்கிள் எங்களைத் தள்ளியது. முதல் வாரத்திலேயே ஒரு வளைவில் பிரேக் நிற்காமல் சித்தியும் நானும் உண்ணிச்செடிப் புதருக்குள் போய் விழுந்தோம். அதைப் பார்த்த ஒரு மலைக்காரர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, வழியோரம் தழையோடு ஒரு கிளையை வெட்டி எங்கள் கேரியரில் கயிற்றால் கட்டிவிட்டார். புளி மூட்டை ஏற்றிய சைக்கிளை அவர்கள் அப்படித்தான் இறக்குவார்களாம். கிளை தரையில் இழுபட்டுக்கொண்டே வரும், வண்டி அடங்கி நடக்கும், பள்ளத்துக்கு வந்ததும் அவிழ்த்து எறிந்துவிடலாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் எங்களுக்கு இந்த வேலை. சித்தி கிளை வெட்டுவாள், நான் கயிற்றைப் பிடிப்பேன். பின்னால் கிளை சரசரவென்று இழுபட, புழுதி எழும்ப, கீழே ஏரி பளபளவென்று எங்களைப் பார்த்து வரும். வாயைத் திறந்துகொண்டு நான் கத்துவேன். புழுதி வாய்க்குள் போகும். என் வாழ்நாளில் அதைவிட நல்ல சவாரி எனக்குக் கிடைக்கவில்லை. கார் ஓட்டுகிறேன், ரயிலில் போகிறேன், விமானத்தில்கூடப் போய்விட்டேன். ஊஹும்.

நாங்கள் ஊர் ஊராகப் போனது குழந்தைகளுக்கு இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்து கொடுக்க. அந்த மருந்து குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். ஜமுனாமரத்தூரில் மருந்து வைக்க ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது. அதிலிருந்து ஐஸ்கட்டிகளை எடுத்து, அகன்ற வாய் பிளாஸ்க்கில் போட்டு, நடுவில் சின்னச் சின்ன மருந்துப் புட்டிகளைப் பொதிந்து சித்தி மூடுவாள். கேரியரில் உட்கார்ந்து அந்த பிளாஸ்க்கை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொள்வது என் வேலை. "மூடிய தொட்ட, கைய ஒடிச்சிடுவேன். ஐஸ் கரைஞ்சா மருந்து வெறுந்தண்ணி" என்று தினமும் ஒருமுறை சொல்லித்தான் ஏறச் சொல்வாள். நானும் பயபக்தியோடுதான் வைத்திருந்தேன். அந்த ஒரு நாளைத் தவிர.

நெல்லிமரத்தூர் என்று ஓர் ஊர். மூன்று மேடு, இரண்டு ஏரி தாண்டிப் போக வேண்டும், சைக்கிளில் இரண்டு மணி நேரம். மற்ற ஊர்களில் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டாவது பிள்ளைகளைக் காட்டினார்கள். இந்த ஊரில் மட்டும் இரண்டு தடவை போயும் ஒரு பிள்ளை கண்ணில் படவில்லை. எங்கள் சைக்கிள் சத்தம் கேட்டதும் தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள். கீழே இருந்து வருகிறவர்கள் எதையோ வாயில் ஊற்றி ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்ப்பது என்று அவர்களுக்குப் பயம். இத்தனைக்கும் அந்த ஊரிலேயே, போன வருஷம் காய்ச்சல் வந்து, ஒரு கால் சூம்பிப்போன ஐந்து வயதுப் பையன் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். மழைக்காலம் வருவதற்குள் இன்னும் எத்தனை பிள்ளைகளுக்கு அப்படி ஆகுமோ என்று சித்தி இரவு சாப்பிடும்போதுகூடப் பேசுவாள். வாய் நீளம் என்றாலும், அவளுக்கு மனசு அதைவிட நீளம்.

மூன்றாவது தடவைக்கு அந்த ஊரிலிருந்தே ஆள் அனுப்பிச் சொன்னார்கள். திங்கட்கிழமை காலையில் வாருங்கள், ஊர்க் கவுண்டர் ஒத்துக்கொண்டார், எல்லாப் பிள்ளைகளும் புளியமரத்தடிக்கு வரும் என்று. சொல்லி அனுப்பியது அந்தக் கால் சூம்பிய பையனின் அம்மா. சித்திக்குத் தலைகால் புரியவில்லை. விடியும்முன் எழுந்து தலை குளித்து, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள்.

வெயில் ஏறுவதற்குள் போய்விடத்தான் கிளம்பினோம். இரண்டாவது ஏரிக்கு மேலே செயின் கழன்று சிக்கிக்கொண்டது. சித்தி என்னை ஒரு மரத்தடியில் பிளாஸ்க்கோடு உட்கார வைத்துவிட்டு, செயினோடு வெகுநேரம் மல்லுக்கட்டினாள். பிறகு கையில் கரியும் கிரீசுமாக, கழுவிக்கொண்டு வருகிறேன் என்று ஏரிக்கு இறங்கினாள். நான் தனியாக இருந்தேன். நாக்கு வறண்டிருந்தது. மடியில், இரண்டு அங்குலத்துக்கு அந்தப் பக்கம், ஐஸ் இருந்தது.

எங்கள் ஊரில் சேமியா ஐஸும் கலர் ஐஸும் தின்றிருக்கிறேன். வெறும் ஐஸை, கண்ணாடிபோல இருக்கிற ஐஸை, வாயில் போட்டதே இல்லை. ஒன்றே ஒன்று என்று மூடியைத் திருகினேன். ஒன்று எடுத்தால் தெரியவா போகிறது? அதை நாக்கில் வைத்ததும் நெற்றிவரைக்கும் ஏறிய சுகம் இருக்கிறதே, அதற்கு நான் என்ன செய்வேன். இன்னொன்று. அப்புறம் இரண்டு. ஏழாவதைக் கடித்துக்கொண்டிருக்கும்போது பிளாஸ்க்கை ஆட்டிப்பார்த்தேன். உள்ளே புட்டிகள் கலகலவென்று ஆடின. சித்தி கையில் வாங்கினாலே தெரிந்துவிடும்.

அப்போது என் மூளை ஒரு வேலை செய்தது. அந்த மூளையை இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மரத்துக்குப் பின்னால் ஏரிக்கால் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் ஜில்லென்றுதானே இருக்கிறது என்று இரண்டு கையாலும் அள்ளி, பிளாஸ்க்கின் கழுத்துவரை ஊற்றி, மூடியைத் திருகிவிட்டேன். இப்போது ஆட்டினால் சத்தம் இல்லை. கனமும் சரியாக இருந்தது. எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது. சித்தி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சமத்து" என்று என் கன்னத்தைத் தட்டி சைக்கிளை எடுத்தாள்.

நெல்லிமரத்தூரில் புளியமரத்தடி நிறைய ஆட்கள். இருபத்துமூன்று பிள்ளைகள் என்று சித்தி தலை எண்ணினாள். ஊர்க் கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தார். வரிசையில் முதல் ஆளாக அந்தப் பையனின் அம்மா, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். உயரமான பொம்பளை. பையனின் கால் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் துணிபோல ஆடிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்து சித்தி சிரித்தாள். சிரித்தபடியே பிளாஸ்க்கைத் திறந்தாள்.

உள்ளே ஒரு துண்டு ஐஸ் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் புட்டிகள் மிதந்தன. ஒரு புட்டியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அதன் மூடியில் பச்சையாக ஒரு பாசி ஒட்டிக்கொண்டிருந்தது. சித்தி அதை விரலில் எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் புளியமரத்தின் உச்சியைப் பார்த்தேன்.

"இன்னாம்மா, போடுங்க" என்றார் ஊர்க் கவுண்டர்.

போட்டிருக்கலாம். யாருக்கு என்ன தெரியும்? பிள்ளைகளுக்குக் கெடுதல் ஒன்றும் வந்திருக்காது, நன்மையும் வந்திருக்காது. நெல்லிமரத்தூர் முடிந்தது என்று எழுதிக்கொண்டு போய் மேலதிகாரியிடம் நல்ல பேர் வாங்கியிருக்கலாம். இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பியதற்கு அவர் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டியிருந்தார். சித்தி புட்டியைத் திரும்ப பிளாஸ்க்குக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயா, மருந்து கெட்டுப்போச்சுங்க. என் தப்புதான். பிளாஸ்க்க சரியா பாக்கல. ஒரே ஒரு மணி நேரம்... இல்ல, பொய் சொல்ல மாட்டேன், சாயங்காலம் ஆய்டும். திரும்பிப் போய் வேற எடுத்துக்கினு வர்றேன்."

கூட்டத்தில் சலசலப்பு. புளி உலுக்கப் போகாமல் காத்திருந்தவர்கள் அவர்கள். "இதுக்கா வேலைய வுட்டுட்டு வந்தோம்?" என்று ஒருவன் துண்டைத் தட்டிக்கொண்டு எழுந்தான். அப்போது அந்தப் பையனின் அம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"கெட்டுப்போன மருந்த கெட்டுப்போச்சின்னு சொல்லுது இல்ல இந்தப் பொண்ணு? மறைச்சி ஊத்தியிருந்தா நமக்கு இன்னா தெரியும்? இது நல்ல மருந்துன்னு சொன்னா நான் நம்புவேன்."

ஊர்க் கவுண்டர் தாடியைச் சொறிந்தார். மேற்கே இருந்த ஒரு குன்றைக் காட்டி, சூரியன் அதைத் தொடுகிறவரை இருக்கிறோம், அதற்குமேல் இல்லை என்றார். சித்தி பிளாஸ்க்கைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினாள். "இவ இங்கயே இருக்கட்டும்" என்று என்னைக் கைகாட்டினாள். அவ்வளவுதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஏறி உட்கார்ந்து, மேட்டைத் தாண்டி மறைந்துவிட்டாள். கேரியர் காலியாகப் போவதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்னை அடகு வைத்துவிட்டுப் போய்விட்டாள், திரும்பி வரமாட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

அந்தப் பையன்தான் என் பக்கத்தில் வந்தான். கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து வந்தான். "ஐஸுன்னா எப்டி இருக்கும்?" என்று கேட்டான். அவன் பார்த்ததே இல்லை. நெஞ்சில் இருந்ததை யாரிடமாவது கொட்டிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு துண்டு, ஏரிக்கால் தண்ணீர், ஒன்று விடாமல். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, நேராகத் தேய்த்துக்கொண்டே போய் அவன் அம்மாவின் காதில் சொல்லிவிட்டான். படுபாவி!

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஊரே இங்கே உட்கார்ந்திருப்பது இந்தக் குட்டியால்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் எழுந்து வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "துன்னு பாப்பா. ஐஸு வயித்துக்கு ஆவாது" என்றாள். குரலில் கோபம் இல்லை. சிரிப்பு இருந்ததா என்றால், லேசாக இருந்தது. நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். அந்தச் சோற்றின் ருசி இன்னும் எனக்குத் தெரியும்.

வெயில் சாய ஆரம்பித்ததும் கூட்டம் கலைய ஆரம்பித்தது. ஆட்டை ஓட்ட வேண்டும் என்று ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். பையனின் அம்மா வழியில் போய் நின்றாள்.

"ஒரு நாளு ஆடு பட்டினி கெடந்தா செத்துடாது. குந்து."

"நீ வேற. அந்த நர்சம்மா வராது, போ."

பையனின் அம்மா மகனைத் தூக்கி அந்தப் பெண்ணின் இன்னோர் இடுப்பில் வைத்தாள். "இவன தூக்கிக்கினு அந்த மேடு வரைக்கும் போய்ட்டு வா. நான் தெனம் தூக்கறேன். அப்பறமா நீ வூட்டுக்குப் போ" என்றாள்.

அந்தப் பெண் ஒரு இடுப்பில் தன் குழந்தையும் இன்னோர் இடுப்பில் அந்தப் பையனுமாகச் சிறிது நேரம் நின்றாள். பையன் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனுக்கு யார் தூக்கினாலும் சந்தோஷம். அவள் மெல்ல அவனை இறக்கிவிட்டு, தானும் உட்கார்ந்தாள். எழுந்த மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

குன்றுக்கும் சூரியனுக்கும் ஒரு சாண் இருக்கும்போது மேட்டின் மேல் சைக்கிள் தெரிந்தது. பின்னால் கிளை இல்லை. கட்ட நேரமில்லாமல் சித்தி அப்படியே இறங்கினாள். எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சைக்கிள் வந்த வேகத்துக்கு ஊர்க் கவுண்டரும் இன்னொருவரும் குறுக்கே ஓடி ஹாண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினார்கள். சித்தியின் முழங்கை சிராய்த்து ரத்தம் வழிந்திருந்தது, நல்ல புடவையின் ஓரம் செயினில் மாட்டிக் கிழிந்திருந்தது. வழியில் ஒரு தடவை விழுந்திருக்கிறாள். பிளாஸ்க்கை மட்டும் ஈரச் சாக்கில் சுற்றி, துணித்தூளி கட்டி, குழந்தையைப்போல நெஞ்சோடு முடிந்திருந்தாள். ஃபிரிட்ஜில் இருந்த கடைசித் தட்டு ஐஸ் அது.

வரிசை தானாக நின்றது. முதல் ஆள் மறுபடியும் அவள்தான். பையன் வாயை ஆவென்று திறந்தான். சித்தி இரண்டு சொட்டு விட்டாள். விட்டதும் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். வழியெல்லாம் மிதித்த வேர்வை என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்குப் பின்னால் ஒருத்தர் பாக்கியில்லாமல் இருபத்திரண்டு பிள்ளைகளும் வாயைத் திறந்தன.

திரும்பும்போது முதல் மேட்டில் சித்தி இறங்கிக்கொண்டாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "எத்தன துண்டு துன்ன?" என்றாள். ஏழு என்றேன். "தண்ணியாவது நல்ல தண்ணியா பாத்து ஊத்தியிருக்கக் கூடாதா, சனியனே" என்றாள். பிறகு நடுரோட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து அழுதாள். வீட்டில் அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. சித்தி, இதற்கு நான் உனக்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அடுத்த மாதம் இரண்டாவது தடவை மருந்து கொடுக்கப் போனோம். சைக்கிளிலிருந்து குதித்ததும் நான் ஓடிப்போய்ப் பார்த்தது அந்தப் பையனின் காலை. அது அப்படியேதான் இருந்தது. எப்போது சரியாகும் என்று சித்தியிடம் கேட்டேன். அவள் புட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மருந்து மெதுவாக வேலை செய்யும் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதனால்தான் அந்த அம்மா முண்டியடித்துக்கொண்டு முதல் ஆளாக நிற்கிறாள், பாவம், அவ்வளவு ஆசை என்று.

என் மகளுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வந்த அன்றுதான் சித்தி சொன்னாள். மருந்து கொடுப்பதற்கு முன்னால், அந்த ஊரிலிருந்து நாங்கள் இரண்டாவது தடவையும் வெறுங்கையோடு திரும்பியபோது, அந்த அம்மா ஏரிக்கரையில் தனியாக வந்து கேட்டிருக்கிறாள், என் மகனுக்குக் கால் வருமா என்று. வராது, போன கால் போனதுதான், இந்த மருந்து இனி யாருக்கும் அப்படி ஆகாமல் இருக்கத்தான் என்று சித்தி உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். அவள் துவைத்த துணியைப் பிழிந்துகொண்டே கேட்டுவிட்டு, சரி, ஊரில் நான் பேசுகிறேன், என் பிள்ளைக்கே முதலில் போடுங்கள், அதைப் பார்த்தால் மற்றவர்கள் வருவார்கள் என்று சொன்னாளாம்.

அந்தத் திங்கட்கிழமை முழுக்க, தன் பிள்ளையின் காலுக்கு ஒன்றும் செய்யாத ஒரு மருந்துக்காக அவள் அந்த மரத்தடியில் காத்திருந்தாள். ஊரையும் காக்க வைத்தாள். அந்த மருந்தைக் கெடுத்தவளுக்குச் சோறும் போட்டாள். கிளம்பும்போது எனக்கென்று ஒரு மந்தார இலையில் பலாச்சுளை வேறு மடித்துக் கொடுத்தாள். நான் அதை வாங்கிக்கொண்டு, போய்ட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லாமல், கேரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.